எத்தனை வோல்ட் போதும்

கோயம்புத்தூரில், சரவணம்பட்டியைத் தாண்டி ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஒரு குருவும் ஒரு சீடரும் வேலை பார்த்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்து மூன்று. எண்ணை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று சந்தேகப்பட வேண்டாம், சரியாகத்தான் சொல்கிறேன்.

குருவின் பெயர் ஃபர்ஸானா, கோட்டைமேட்டுப் பெண். சீடர் சென்னியப்பன். இருபத்தாறு வருடம் கிரைண்டருக்கும் மோட்டாருக்கும் சுவிட்ச் செய்தவர். அந்தக் கம்பெனி மூடியதும், மே மாதம் இங்கே வந்து, பாதி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து புதிதாகத் தொழில் கற்றுக்கொண்டிருந்தார்.

தொழில் என்னவென்றால், லேப்டாப்பில் விரலால் தேய்க்கிறோமே, அந்த டிராக்பேட். பழைய பேடை அழுத்தினால் அது கொஞ்சம் கீழே இறங்கும், உள்ளே ஒரு சுவிட்ச் டக்கென்று அடிக்கும். இந்தப் புதுப் பேட் இறங்காது. கண்ணாடி அசையாமல் அப்படியே இருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் பீசோ என்கிற பீங்கான் வில்லை, கரண்ட் கொடுத்ததும் மயிரிழை அளவு வளைந்து ஓர் உதை உதைக்கும்; வோல்ட் கூடினால் உதையும் கூடும். ஏதோ பட்டனை அழுத்திவிட்டதாக விரல் நம்பிவிடும். சமையலறை கேஸ் லைட்டருக்குள் இருப்பதும் இதே சாதி வில்லைதான். மனுஷ விரலை ஏமாற்றுவதற்கென்றே பட்டம் வாங்கிய பதினான்கு பேர் அந்த மாடியில் இருந்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மீட்டர் என்ன சொன்னாலும், கடைசியில் ஒரு விரல் 'சரி' சொல்ல வேண்டும். எந்தப் பேடின் உதையை யார் கூட்டிக் குறைத்துப் பதப்படுத்தினாரோ, அவரே தன் ஆள்காட்டி விரலால் நூறு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, பேடின் முதுகில் தன் பெயரை எழுதுவார். பெயர் இல்லாத பேட் வெளியே போகாது.

வந்த புதிதில் சென்னியப்பனின் விரலுக்கு அங்கே தனி மரியாதை. பத்துப் பேடை வரிசையாக வைத்தால், எதில் பசை சரியாகக் காயவில்லை என்று தொட்டே சொல்லிவிடுவார். பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அதெல்லாம் ஜூன் வரைக்கும்தான்.

ஜூலையிலிருந்து அவர் வாரம் தவறாமல் குருவிடம் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்.

"மேடம், எத்தனை வோல்ட் வெக்கறதுங்க?"

"இப்ப எத்தனை வெச்சிருக்கீங்கண்ணா?"

"அறுபதுங்க."

"விரல் என்ன சொல்லுது?"

"கொஞ்சம் ஏத்தலாங்குது."

"ஏத்துங்க."

அடுத்த தடவை எழுபத்தைந்து. அதற்கடுத்து தொண்ணூறு. குரு ஒரு நாளும் போதும் என்று சொல்லவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிட்டால் குரு பட்டம் பறிபோய்விடும்போல. சாயங்காலம் கிளம்பும் முன் மட்டும் சீடரின் மேசை அருகில் வந்து கொஞ்ச நேரம் நிற்பார்.

"எப்படி இருக்குங்கண்ணா?"

"சூப்பருங்க."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லீங்க."

அக்டோபர் வந்தது. பெங்களூரிலிருந்து ஒரு லேப்டாப் கம்பெனிக்காரர்கள் புதன்கிழமை நாலு மணிக்கு வந்து தொட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் தொடப்போவது சென்னியப்பன் பதப்படுத்திய பேடைத்தான். அது தேறினால் அவர் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் ஆறு மாதச் சோதனைக் காலத்தோடு நடையைக் கட்ட வேண்டியதுதான். ஐம்பத்து மூன்று வயதுச் சுவிட்ச்காரரை வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்?

புதன்கிழமை காலையில் வோல்ட் நூற்றுப் பதினைந்தில் இருந்தது. சோதனைப் பிரிவில் இருக்கும் தாரிணி வந்து ஒரு தடவை அழுத்தினாள். சுட்டதைப்போலக் கையை எடுத்துக்கொண்டாள்.

"சார், எத்துதுங்க சார்."

"எத்துதா?"

"கழுதை எத்தற மாதிரி இருக்குங்க. முழங்கை வரைக்கும் ஏறுது."

"பசைதாம்மா சரியில்ல. மாத்திடறேன்."

அது நாலாவது பசை. அதற்கு முன்னால் வில்லையைக் குறை சொன்னார், கண்ணாடியைக் குறை சொன்னார், ஏசி குளிரைக்கூடக் குறை சொன்னார். உலகத்தில் குறை சொல்ல மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை மட்டும் அவர் தொடவில்லை.

தாரிணி போனதும் தானே அழுத்திப் பார்த்தார். டக் என்றது. உதைத்ததா? உதைத்த மாதிரிதான் இருந்தது. மறுபடி அழுத்தினார். இன்னும் பலமாக அழுத்தினார். டக், டக் என்று சத்தம் வந்தது. முழங்கை வரைக்கும் ஏறுகிறது என்கிறாளே, எனக்கு ஏன் நுனியில்கூட நிற்கவில்லை என்று நினைத்தார்.

அவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. போன வாரம் சமையலறையில் கண்ணை மூடிக்கொண்டு டப்பாக்களுக்குள் விரலை விட்டு, ரவையா சர்க்கரையா என்று சொல்லிப் பார்த்தார். மூன்று தடவையும் தப்பு. "டப்பாக்குள்ள கைய விட்டுட்டு என்ன பண்றீங்க?" என்று மனைவி கேட்டதற்கு, எறும்பு இருக்கிறதா என்று பார்த்ததாகச் சொல்லித் தப்பித்தார். இந்தப் புதன்கிழமை காலையில் ரத்தத்தில் சர்க்கரை அளவு பார்க்க ஆள்காட்டி விரலில் ஊசியைக் குத்தினார். ரத்தம் வந்தது. வலி வரவில்லை. வலிக்காததற்கு ஒரு மனிதன் அப்படிப் பயந்து அன்றுதான் அவரே பார்த்தார்.

ஒன்றரை மணிக்கு அவர் குருவின் அறைக்குப் போனார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"எத்தனை வோல்ட்டுன்னுதானேண்ணா?"

"அதில்லீங்க." வார்த்தையை மென்று விழுங்கினார். "போதுங்கறது... உங்க விரலுக்கு எப்படிங்க தெரியுது?"

ஃபர்ஸானா ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். கை நின்றது. லேப்டாப்பை மூடினார்.

"சாப்டீங்களா?"

"ஆச்சுங்க." ஆகவில்லை.

"வாங்க."

மாடியின் கோடியில் அதிர்வு சோதிக்கும் அறை இருந்தது. இரைச்சல் அதிகம் என்பதால் காதை மூடும் கவசங்கள் சுவரில் மாட்டியிருக்கும். ஃபர்ஸானா கதவைச் சாத்திவிட்டு, வழியில் எடுத்து வந்த சென்னியப்பனின் பேடை மேசைமேல் வைத்தார். ஒரு கவசத்தை எடுத்துச் சீடரிடம் நீட்டினார்.

"இதைப் போட்டுக்குங்க. பேடை அழுத்துங்க. உதை வந்துச்சுன்னா தலையாட்டுங்க. வரலைன்னா சும்மா இருங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

சென்னியப்பன் கவசத்தை மாட்டினார். வெளிச் சத்தமெல்லாம் அடங்கி, தன் மூச்சு மட்டும் கேட்டது. அழுத்தினார். ஒன்றும் தெரியவில்லை. வந்திருக்குமோ என்று பட்டது. எதிரே குரு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு ஆள் வருகிறார்கள், இப்போது தலையாட்டாமல் உட்கார்ந்திருந்தால் எல்லாம் முடிந்தது. தலையை ஆட்டினார். மறுபடி அழுத்தினார், மறுபடி ஆட்டினார். கடைசியில் அவரே கவசத்தைக் கழற்றினார்.

"ஒம்பதுங்க மேடம். ஒம்பதும் வந்துச்சு."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க. நாலாவது மட்டும் கொஞ்சம் மந்தம்."

ஃபர்ஸானா குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஒயரை எடுத்து மேலே வைத்தார். பேடுக்குக் கரண்ட் கொடுக்கும் ஒயர் அது. அதன் முனை எதிலும் சொருகப்படாமல் இருந்தது.

சென்னியப்பன் ஒயரைப் பார்த்தார், பேடைப் பார்த்தார். கரண்டே இல்லாத கண்ணாடிக்கு ஒன்பது தடவை தலையாட்டியிருக்கிறார். அதிலும் நாலாவது மந்தமாம். காது மடல் சூடாயிற்று. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை.

"மூணு மாசமா இப்படிங்க," என்றார் சீடர்.

"ம்."

"டக்குன்னு சத்தம் வருதுல்லங்க, அதைக் கேட்டுத்தான் பண்ணிட்டு இருந்திருக்கேன். விரல்ல வர்றதாட்டவே இருந்துச்சு. எனக்கே வெளங்கலீங்க."

"சுகரா?"

"பதினோரு வருஷமா இருக்குங்க. மொதல்ல பாதம் மரத்துச்சு. இப்ப இங்க வந்திருச்சு." விரலை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"இல்லீங்க. போனா நெசமாயிருமே."

"வீட்ல?"

"சொல்லலீங்க. யார்கிட்டயுமே சொல்லல."

"ஒருத்தர்கிட்ட சொல்லிட்டீங்கண்ணா," என்றார் குரு.

அவர் கையோடு கொண்டுவந்திருந்த தன் லேப்டாப்பைத் திறந்து திருப்பி வைத்தார். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாகப் படிப்படியாக மேலே ஏறியது. சென்னியப்பனுக்குப் புரியவில்லை.

"உதைக்கறது எதுங்கண்ணா?"

"வில்லைங்க."

"நாம அழுத்தறோம்னு போர்டுக்குச் சொல்றது எது?"

"அதே வில்லைதானுங்க. அழுத்தினா அதுல கரண்ட் வருமே."

"எவ்வளவு அழுத்தறோமோ அவ்வளவு வரும். ஒவ்வொரு அழுத்தமும் பதிவாகுது. இது உங்க மேசைப் பேட். ஜூலை மொத வாரம் எரநூறு கிராம் அழுத்தம். ஆகஸ்ட்ல எரநூத்தி எழுபது. நேத்து நானூத்தி அறுபது."

சென்னியப்பன் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு நாளும் அவர் பயந்த பயம் கிராம் கணக்கில் அங்கே ஏறியிருந்தது.

"நீங்க தொட்டு, தெரியல தெரியலன்னு இன்னும் அழுத்திட்டீங்க," என்றார் குரு. "ஆனா பேடுக்குத் தெரிஞ்சிருக்குங்கண்ணா."

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு பத்து. சென்னியப்பன் எழுந்தார்.

"நான் கெளம்பறேங்க மேடம். வர்றவங்ககிட்ட ஏதாவது சொல்லிக்குங்க. பேரெழுத விரல் இல்லாத ஆளு இங்க என்னத்துக்கு?"

ஃபர்ஸானா ஒயரை எடுத்துச் சொருகினார். தன் ஆள்காட்டி விரலைப் பேடின் மேல் வைத்தார்.

"நாலு மணி வரைக்கும் இந்த விரலை வெச்சுக்குங்க."

"உங்க விரலை வெச்சு நான் என்னங்க பண்றது?"

"கேளுங்க."

சென்னியப்பன் நின்றுகொண்டே யோசித்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்து, வோல்ட் திருகும் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். குரு அழுத்தினார். நூற்றுப் பதினைந்து வோல்ட் உதைத்ததில் அவர் முகம் ஒரு கணம் சுளித்தது. பாவம் தாரிணி என்று சென்னியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நல்லா இல்லீங்களா?"

"இல்லன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"கொறைப்பேன்."

"எதை?"

சென்னியப்பனின் கை பெட்டியின் திருகுகள்மேல் அங்கேயும் இங்கேயும் அலைந்தது.

"'நல்லா இல்லீங்களா'ங்கறது இருபத்தாறு வருஷம் சுவிட்ச் பண்ணவரு கேக்கற கேள்வியாண்ணா?"

அது சுருக்கென்றது. சென்னியப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரிங்க. அழுத்துங்க. உதை அழுத்தினதும் வருதுங்களா, கொஞ்சம் பொறுத்து வருதுங்களா?"

"பொறுத்து."

"உதைச்சுட்டு நிக்குதுங்களா, நடுங்குதுங்களா?"

"நடுங்குது."

"நடுக்கம் தோல்லயா, எலும்புலயா?"

குரு கண்ணை மூடி இன்னொரு தடவை அழுத்தினார். "எலும்புல."

"அப்ப வாலு நீளம்." சென்னியப்பன் வோல்ட்டை எழுபத்தைந்துக்கு இறக்கினார். உதைக்குப் பிறகு இழுத்துக்கொண்டு போன அதிர்வைப் பாதியில் வெட்டினார். "இப்பங்க?"

"நடுக்கம் இல்ல. ஆனா ரப்பரை அழுத்தற மாதிரி இருக்கு."

"மொனை மழுங்கிருச்சு. இருங்க." எதையோ திருகினார். "இப்ப?"

"இப்ப கூரா இருக்கு. ரொம்ப."

"விடறப்ப? விரலை எடுக்கறப்ப ஏதாவது வருதுங்களா?"

"ஒண்ணும் வரல."

"வரணுங்க. சுவிட்ச்சுன்னா விட்டாலும் ஒரு சின்ன பதில் தரும். இல்லாட்டி விரல் அங்கயே காத்துட்டு நிக்கும்."

இப்படியே ஒன்றரை மணி நேரம் போனது. யார் குரு, யார் சீடர் என்று அந்தக் கதவைத் திறந்து பார்த்தவர்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும். நல்ல வேளை, யாரும் திறக்கவில்லை. நடுவில் ஃபர்ஸானா தன் பையிலிருந்து இரண்டு சப்பாத்தியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். சாப்பிட்டாச்சு என்று சொன்ன பொய்யையும் அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று தெரிந்து, சென்னியப்பன் மறுபேச்சு பேசாமல் சாப்பிட்டார்.

மூன்று ஐம்பதுக்கு வோல்ட் ஐம்பத்தெட்டில் நின்றது.

"இப்பங்க மேடம்?"

குரு அழுத்தினார். நூறு வரைக்கும் எண்ணி அழுத்தினார்.

"ஒண்ணும் சொல்லத் தோணலண்ணா."

"அப்ப சரிங்க," என்றார் சென்னியப்பன்.

பேடைத் திருப்பி அதன் முதுகில் குருவின் பெயரை எழுதினார். குரு பேனாவை வாங்கி அதன் கீழே சீடரின் பெயரை எழுதினார். ஒரே பேடில் இரண்டு பெயர் அந்த மாடியில் அதுதான் முதல் தடவை.

நாலு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் மூத்த அம்மாள், லேப்டாப்போடு இணைத்திருந்த பேடின் முன்னால் உட்கார்ந்தார். சென்னியப்பன் சுவரோரம் நின்றார். அந்த அம்மாள் திரையில் எதையோ திறந்தார், மூடினார், தேய்த்தார், அழுத்தினார். இடையில் போனில் வேறு யாருடனோ பேசினார். பேசிக்கொண்டே அழுத்திக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்துத் திரும்பினார்.

"இது பழசுதானே? பட்டன் வெச்ச மாடல். புதுசைக் காட்டுங்க."

சென்னியப்பன் முன்னால் வந்தார். கரண்ட்டை நிறுத்தினார்.

"இப்ப அழுத்துங்கம்மா."

அந்த அம்மாள் அழுத்தினார். கண்ணாடி கல்லாகக் கிடந்தது. இன்னொரு தடவை அழுத்தினார். பிறகு கையைத் தூக்கித் தன் விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதையே எடுத்துக்கறோம்," என்றார்.

அவர்கள் போன பிறகு மாடியில் ஒரே கைதட்டல். தாரிணி வந்து பேடை அழுத்திப் பார்த்து, "கழுதை எங்க சார் போச்சு?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார். ஆனால் ஒரு விஷயம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. கூட்டம் கலைந்ததும் நேராகக் குருவின் அறைக்குப் போனார். உட்காரவில்லை.

"என் விரல் விஷயம் உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

"ஆகஸ்ட்ல."

"ஆகஸ்ட்டா?" அவருக்குக் கோபமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. "ரெண்டு மாசங்க மேடம். ரெண்டு மாசமா நான் ராத்திரி தூங்கல. டப்பாக்குள்ள கைய விட்டுட்டுப் பைத்தியமாட்டத் திரிஞ்சேன். தெரிஞ்ச அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

ஃபர்ஸானா கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"யாரும் தொடாதப்ப பேட் தானா உதைச்சா என்ன பண்ணுவீங்கண்ணா?"

"கழிச்சுப் போடுவேங்க."

"ஒரே ஒரு தடவைதான் உதைச்சுதுன்னாலும்?"

"ஒரு தடவைன்னாலும் கழிவுதானுங்க. தொடாமயே ஒதை வாங்கினவங்க அப்புறம் அதுமேல கை வெக்கவே பயப்படுவாங்கல்ல."

குரு தலையசைத்தார்.

"நீங்களா வந்து கேக்கறதுக்கு முன்னாடி சொல்ல, நானும் அதுக்குத்தாண்ணா பயந்தேன்."